146 பக்கப் புத்தகமும் 92 முட்டைகளும்

வெப்பநிலை, வேகம் போன்றவற்றைத் தானாகவே வேண்டிய அளவில் நிறுத்திவைக்கும் கட்டுப்பாட்டியல் பற்றிய அந்த ஆங்கிலப் புத்தகத்தில் மொத்தமே 146 பக்கங்கள். தொடக்கநிலையினருக்கானது என்று அட்டையிலேயே போட்டிருந்தது. விலை 420 ரூபாய். நாளுக்குப் பதினைந்து பக்கம் என்று வைத்தாலும் பத்து நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஏழு மாதம் ஆனது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. பணத்தைவிட அதிகமாக உறுத்துவது, இன்குபேட்டரில் வைத்த பதினாறாம் நாளில் ஒரே இரவில் நான் வேகவைத்துவிட்ட 92 முட்டைகள். அந்தப் புத்தகத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அது நல்ல புத்தகம். ஆனால் இப்படிப்பட்ட சிறிய புத்தகத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி இழப்பு மிச்சமாகியிருக்கும்.

நான் இ.இ.இ. படித்தவன். கல்லூரியில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் அரியர் வைத்து, இரண்டாம் முறை 52 மதிப்பெண்ணில் தப்பித்தேன். அமைப்பு நிலையாக நிற்குமா என்று சோதிக்கும் ரூத் அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவேன். அது எதைச் சொல்கிறது என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வேன். இப்போது கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு சிற்றூரில் இன்வெர்ட்டர், பேட்டரி விற்கும் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து ஊரில் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு நல்ல கிராக்கி இருப்பதைப் பார்த்து, ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி அடித்து, இரண்டு நூறு வாட் பல்பும் ஒரு விசிறியும் வைத்து இன்குபேட்டர் செய்தேன். வெப்பநிலைக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண தெர்மோஸ்டாட். 37.5 டிகிரிக்குக் கீழே போனால் பல்பு எரியும், மேலே போனால் அணையும். இதில் என்ன தவறு வந்துவிடும் என்று நினைத்தேன்.

முதல் ஈட்டில் 60 முட்டை வைத்தேன். வந்தது 19 குஞ்சு. ஒருநாள் முழுக்கப் பெட்டியின் முன் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துப் பார்த்தபோது வெப்பநிலை 36.2-க்கும் 39.1-க்கும் இடையே ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது தெரிந்தது. பல்பு அணைந்த பிறகும் அதன் கண்ணாடியில் சூடு இருக்கிறது. அது காற்றில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. வெப்பநிலையை அளக்கும் உணரியோ நடந்ததைத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறது. ஆக என் தெர்மோஸ்டாட் எப்போதும் பழைய செய்தியை வைத்துத்தான் முடிவெடுத்துக்கொண்டிருந்தது. இதற்கு விகிதம், தொகை, வேகம் என்ற மூன்று பகுதிகளைக் கூட்டி மின்சார அளவைத் தீர்மானிக்கும் பி.ஐ.டி. கட்டுப்பாடு வேண்டும் என்று தெரியும். அதை யாரோ எழுதிய நிரலை அப்படியே எடுத்துப் போடாமல், புரிந்துகொண்டு நானே எழுத வேண்டும் என்ற வீம்பு வந்தது. கல்லூரி அரியருக்குப் பழிவாங்கும் ஆசையும் அதில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மே மாதம் புத்தகம் வந்தது. முதல் அத்தியாயம் தேன். ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி எந்திரத்தில் பொருத்திய சுழல் குண்டுகளின் கதை அதில் அரைப்பக்கம் இருந்தது. வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் குறைந்தால் சுருங்கித் திறந்துவிடும். அதன்பின் வந்த எந்திரங்கள் பலவற்றில் இந்தக் கருவியே வேகத்தை ஏற்றி இறக்கி ஆட்டம் காட்டியது. அது ஏன் என்று 1868-இல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கணிதமாக எழுதினார். என் கோழிமுட்டைப் பெட்டியில் நடப்பதும் ஏறக்குறைய அதே ஆட்டம்தான் என்று தெரிந்தபோது, சொன்னால் சிரிப்பீர்கள், பெருமையாக இருந்தது.

இரண்டாம் அத்தியாயம் லாப்லாஸ் உருமாற்றம். அங்கேயே ஏழு வாரம் நின்றுவிட்டேன். பதினான்கு வருடமாகக் கணக்குப் பக்கமே போகாதவனுக்கு எட்டுப் பக்கத்தில் லாப்லாஸ் சொல்லிக்கொடுத்தால் எப்படி ஏறும்? எனக்கு மூளை மழுங்கிவிட்டது என்றே முடிவு செய்தேன். கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் புத்தகத்தைத் திறப்பேன், அதே பக்கம், மூடுவேன். பயத்தில் 4,500 ரூபாய் கட்டி இணையத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். அதில் இதே எட்டுப் பக்கத்தை நாற்பது நிமிடக் காணொளியாகச் சொன்னார்கள். மூன்றாவது காணொளியோடு நின்றது அது. என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன என்பது பணம் கட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இந்த இடத்தில் என் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. லாப்லாஸில் மாட்டிக்கொண்டால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை எடுங்கள். மூன்று விஷயம் போதும்: அடுக்குக்குறிச் சார்பு எப்படித் தேய்கிறது, முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றை எப்படித் தீர்ப்பது, கலப்பெண் என்றால் என்ன. இவற்றுக்கு எனக்கு ஒன்பது நாள் ஆனது. அதன்பின் அந்த எட்டுப் பக்கத்தைத் திறந்தபோது, லாப்லாஸ் என்பது வகைக்கெழுவைப் பெருக்கலாக மாற்றித் தரும் ஒரு கணக்கர் வேலை, அவ்வளவுதான் என்று புரிந்தது. அட்டவணையைப் பார்த்துப் பயன்படுத்தினால் போதும். ஒவ்வொன்றையும் தொகையிட்டு நிறுவிவிட்டுத்தான் அடுத்த பக்கம் போவேன் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில்தான் எனக்கு உயிர் வந்தது. அமைப்பு ஒன்றின் உள்ளீட்டைத் திடீரென்று மாற்றிவிட்டு, வெளியீடு எப்படி நகர்கிறது என்று பார்க்கும் படிச்சோதனை. வெற்றுப் பெட்டியில் பல்புகளுக்கு 40 விழுக்காடு மின்சாரம் மட்டும் கொடுத்துவிட்டு வரைபடத்தாளோடு உட்கார்ந்தேன். அறை 29 டிகிரி. முதல் நாற்பது நொடி ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் தாமத நேரம். பிறகு வேகமாக ஏறி, மெதுவாகி, 40.3-இல் நின்றது. மொத்த ஏற்றம் 11.3 டிகிரி. அதில் 63.2 விழுக்காடு, அதாவது 7.1 டிகிரி ஏற எவ்வளவு நேரம் ஆனதோ அதுதான் நேர மாறிலி. என் பெட்டிக்குப் பதினோரு நிமிடம். தாமதம், நேர மாறிலி, ஒரு விழுக்காட்டுக்கு 0.28 டிகிரி என்ற பெருக்கம்: இந்த மூன்று எண்களில் என் பெட்டி அடங்கிவிட்டது! கல்லூரியில் நான்கு மாதம் படித்தும் கிடைக்காதது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் கிடைத்தது. புத்தகம் வாங்குகிறவர்கள் கூடவே ஒரு பொருளையும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி, சிறிய மோட்டார், சோல்டரிங் அயர்ன், எதுவானாலும் சரி. கையில் பொருள் இல்லாமல் இந்தப் பாடத்தைப் படிப்பது கரையில் உட்கார்ந்து நீச்சல் படிப்பதுதான்.

விகிதக் கட்டுப்பாட்டுக்கு வந்தேன். வேண்டிய வெப்பநிலைக்கும் இருக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை. அது எவ்வளவோ அதை ஓர் எண்ணால் பெருக்கி அந்த அளவு மின்சாரம் கொடுப்பது. புத்தக எடுத்துக்காட்டில் அந்த எண் 2. நானும் 2 போட்டேன். பெட்டி சூடாகவே இல்லை. அரை நாள் கம்பிகளைச் சோதித்தேன், ரிலேயை மாற்றினேன். கடைசியில்தான் விளங்கியது: புத்தகத்தில் எல்லாம் அலகில்லாத எண்கள். என் பெட்டியில் அந்த எண்ணுக்கு அலகு உண்டு. ஒரு டிகிரி பிழைக்கு எத்தனை விழுக்காடு மின்சாரம் என்பது. 20 என்று போட்டதும் 36.2-இல் போய் நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. 80 என்று போட்டேன், 37.1-ஐச் சுற்றி ஆடத் தொடங்கியது. விகிதப் பகுதி மட்டும் இருந்தால் எப்போதும் கொஞ்சம் குறை நிற்கும் என்று புத்தகம் சொன்னதைக் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து புத்தகத்தின் ஒவ்வொரு குறியீட்டுக்குப் பக்கத்திலும் பென்சிலால் அலகு எழுதிவைக்கிறேன்.

அந்தக் குறையைத் தீர்ப்பது தொகைப் பகுதி. பிழையைக் காலத்தோடு கூட்டிக்கொண்டே போய், கூட்டுத்தொகை ஏற ஏற மின்சாரத்தையும் ஏற்றும். எண்களைப் போட்டு ஓட்டினேன். 37.5. நூல் பிடித்தாற்போல் நின்றது. இரண்டு நாள் வெற்றுப் பெட்டியை ஓடவிட்டேன். ஒரு புள்ளி அசையவில்லை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்களுக்கு அதில் பார்க்க என்ன இருந்தது என்று தெரியவில்லை, பாவம்.

செப்டம்பர் கடைசியில் 70 முட்டை, ஒன்று 18 ரூபாய் வீதம் வாங்கினேன். பெரியம்மா தன்னுடைய சிறுவிடைக் கோழிகளின் முட்டை 22 கொண்டுவந்து கொடுத்தார். "அடையில் வைக்கலாம் என்று சேர்த்து வைத்தேன், கண்ணு. உன் பெட்டி நன்றாக இருக்கிறது என்கிறாய், இதிலேயே வைத்துவிடு" என்றார். பதினைந்து நாள் எல்லாம் ஒழுங்கு. ஏழாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் ரத்த நாளங்கள் சிலந்தி வலைபோலப் படர்ந்திருந்தன. அதன் பிறகு நான் பெட்டியை நம்பித் தூங்கத் தொடங்கினேன்.

பதினாறாம் நாள் இரவு மழை. இரண்டேகாலுக்கு மின்சாரம் போனது, நாலரைக்கு வந்தது. இன்வெர்ட்டர் விற்கிறவன் வீட்டுப் பெட்டிக்கு இன்வெர்ட்டர் இல்லை. இருநூறு வாட்டுக்கு எதற்கு என்ற கஞ்சத்தனம். ஆனால் நாள் கணக்கு அழிந்துவிடக் கூடாது என்று கட்டுப்படுத்தும் பலகைக்கு மட்டும் சிறிய பேட்டரி கொடுத்திருந்தேன். அந்தப் பேட்டரிதான் எமன். ஐந்தேகாலுக்கு மேல் எழுந்து போய்ப் பார்த்தால் திரையில் 48. இரண்டு பல்புகளும் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தன. ஐந்து முட்டைகளை உடைத்துப் பார்த்தேன். இறகு முளைத்த குஞ்சுகள். ஆறாவதை உடைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். பெரியம்மாவிடம் சொல்ல மூன்று நாள் ஆனது.

நடந்தது இதுதான். மின்சாரம் இல்லாத இரண்டு மணி நேரத்தில் பெட்டி மெதுவாக ஆறி 31 டிகிரிக்கு வந்துவிட்டது. பல்பு எரியவில்லை என்பது என் நிரலுக்குத் தெரியாது. பிழை இருக்கிறதே என்று நொடிக்கு நொடி கூட்டிக்கொண்டே இருந்தது. நினைவட்டைப் பதிவில் பார்த்தேன்: மின்சாரம் வந்தபோது தொகைப் பகுதி ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அதாவது ஆயிரம் விழுக்காடு மின்சாரம் கொடு என்கிறது. நூறுக்கு மேல் கொடுக்க எந்தப் பல்பாலும் முடியாது. 37.5-ஐத் தாண்டிய பிறகு பிழை எதிர்க்குறிக்குப் போய் இந்த ஆயிரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக் கீழே கொண்டுவரும்வரை பல்பு முழுதாகத்தான் எரியும். கழிப்பதற்கு முக்கால் மணி நேரத்துக்கும் மேல் தேவைப்பட்டது. முட்டைகளுக்கு அவ்வளவு நேரம் இல்லை. இதற்கு ஆங்கிலத்தில் இன்டெக்ரல் வைண்டப் என்று பெயரே இருக்கிறது. சாவி கொடுத்துக்கொண்டே போனால் கடிகாரச் சுருள்வில் முறுக்கேறிக்கொண்டே போகுமே, அந்த முறுக்கு. தொழிற்சாலைகளில் கருவிகளைப் பராமரிக்கிறவர்களுக்கு இது பாலபாடம்.

புத்தகத்தில் இது இல்லையா? ஆத்திரத்தோடு தேடினேன். இருந்தது. 131-ஆம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம்: நடைமுறையில் இயக்கிகளுக்கு (என் பெட்டியில் பல்புகளுக்கு) எல்லை உண்டு, அப்போது தொகைப் பகுதியைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று. நான் அதைப் படித்திருக்கிறேன். அதற்கு மேலே இருந்த வாக்கியத்துக்கு அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன். இதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

சிறிய புத்தகம் சிறியதாக இருப்பதற்குக் காரணம், அது உலகத்தின் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிட்டு எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான். பல்புக்கு எல்லை இல்லை, உணரி பொய் சொல்லாது, மின்சாரம் போகாது, காலையில் இருந்த பெட்டிதான் மாலையிலும் இருக்கும் என்று வைத்துக்கொண்டால்தான் 146 பக்கத்தில் பாடம் அடங்கும். தடித்த புத்தகத்தில் ஓர் அத்தியாயமாக வருவது இதில் "நடைமுறையில்" என்று தொடங்கும் ஒரு வாக்கியமாக வருகிறது. அதனால் அப்படிப்பட்ட வாக்கியங்களை மட்டும் தேடித் தேடிச் சிவப்பு மையில் கோடு போடுங்கள். "நேர்கோட்டு அமைப்பு என்று கொள்வோம்", "இரைச்சலைப் புறக்கணித்தால்", "தாமதம் சிறிதெனில்" இவையெல்லாம் அந்த இனம். நான் இரண்டாம் முறை படித்தபோது இப்படி இருபத்தெட்டு வாக்கியங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி, என் பெட்டியில் இது உண்மையா என்று கேட்டுக்கொண்டேன். பெரும்பாலானவை உண்மை இல்லை.

உணரியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருந்தது அரை டிகிரி கூடக்குறையக் காட்டலாம் என்று அதை உற்பத்தி செய்கிறவர்களே சொல்கிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் உணரியையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன், உணரி 0.4 குறைத்துக் காட்டியது. காய்ச்சல் தெர்மாமீட்டர் நமக்கு வேண்டிய வெப்பநிலைக்கென்றே செய்யப்பட்டது என்பது எவ்வளவு வசதி! அடுத்து, வெற்றுப் பெட்டி. முட்டைக்குப் பதிலாக இருநூறு மில்லி பாட்டில்கள் பன்னிரண்டில் தண்ணீர் நிரப்பி வைத்துப் படிச்சோதனையை மறுபடி செய்தேன். பதினோரு நிமிடமாக இருந்த நேர மாறிலி முப்பத்தைந்தைத் தாண்டியது. நான் ஒரு பெட்டிக்கு எண்களைத் தீர்மானித்து வேறொரு பெட்டியில் முட்டை வைத்திருக்கிறேன். சுமையோடு சோதிக்காத எதையும் சோதித்ததாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நிரலில் செய்த திருத்தம் நாலே வரி. மின்சாரம் நூறு விழுக்காட்டைத் தொட்டுவிட்டால், அல்லது பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால், கூட்டுவதை நிறுத்து. மின்சாரம் இல்லையென்றால் தொகையைப் பழைய இடத்திலேயே பிடித்து வை. நான் வீம்புக்கு ஒதுக்கிய ஆயத்த நிரலில் தொகைக்கு எல்லை கட்டும் பகுதி முதலிலிருந்தே இருந்திருக்கிறது. சொந்தமாக எழுதிப் பழகுங்கள், தவறில்லை. ஆனால் எழுதி முடித்ததும் அனுபவசாலிகள் எழுதியதோடு ஒப்பிட்டு, அவர்கள் எழுதி நீங்கள் எழுதாத வரி ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அதன்பின் பாட்டில்களை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே மெயின் சுவிட்சை அணைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டு, உச்சம் 38-ஐத் தாண்டவில்லை என்று நான்கு முறை பார்த்தேன். தனியாக இன்னொரு தெர்மோஸ்டாட்டும் வைத்தேன், 38.8-இல் அது பல்புகளை வெட்டிவிடும், என் நிரல் என்ன சொன்னாலும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி.ஐ.டி. எண்களைத் தேர்ந்தெடுக்க 1942-இல் சீக்லரும் நிக்கோல்ஸும் கொடுத்த சூத்திரம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். போட்டுப் பார்த்தேன். ஆடித்தான் அடங்கியது, ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதில் கால்வாசியாகக் குறைவதுதான் அவர்கள் இலக்கு, முட்டைக்கு அது ஆகாது. அதைத் தொடக்கப் புள்ளியாக வைத்து விகித எண்ணைப் பாதியாக்கினேன். பிழை மாறும் வேகத்தைப் பார்த்துத் திருத்தும் வேகப் பகுதியை அடியோடு விட்டுவிட்டேன். என் உணரி 0.06 டிகிரிப் படிகளில் தாவுகிறது. ஒவ்வொரு தாவலையும் வேகப் பகுதி பேராபத்தாக நினைத்துப் பல்பைச் சிமிட்டவைத்தது. அமைப்பு ஆடுமா அடங்குமா என்று வரைபடத்தில் பார்க்கும் போட், நைக்விஸ்ட் அத்தியாயங்களை முதல் வாசிப்பில் தாண்டியதற்கு வருத்தமில்லை. தாமதத்தோடு அடிபட்டபின் திரும்பிப் படித்தபோதுதான் அவை எதற்கு என்றே தெரிந்தது. சைலேப் கணக்குகள் போட்டுப் பார்ப்பதற்கான இலவச மென்பொருள். புத்தகத்தின் ஒவ்வொரு கணக்கையும் அதில் போட்டுப் பார்த்தது காகிதத்தில் செய்ததைவிடப் பலன் கொடுத்தது.

டிசம்பரில் மூன்றாம் ஈடு. 49 முட்டைகள் வாங்கினேன். பெரியம்மாவிடம் கேட்கவில்லை, அவராகவே வந்தார். சேர்த்திருந்த 22 முட்டைகளில் பதினொன்றை என் முன்னால் வைத்துவிட்டு, "மீதியைக் கோழியிடமே வைத்துவிட்டேன், சாமி. அதற்குப் படிப்பு இல்லாவிட்டாலும் மழை பெய்தால் எழுந்து போகாது" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. இருபத்தோராம் நாள் காலையில் 60 முட்டைகளில் 46 குஞ்சுகள். பெரியம்மாவின் பதினொன்றில் ஒன்பது. இருபத்தொரு நாளும் வெப்பநிலை 37.3-க்கும் 37.7-க்கும் இடையிலேயே இருந்ததற்கான பதிவைக் காட்டினேன். அவர் கோழிக்கூடையைத் திறந்து காட்டினார். பத்து.

ஒன்று எங்கே போனது என்று நான்கு நாள் மண்டையைக் குடைந்தது. பிறகு உணரியைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் மூலை மூலையாக அளந்தேன். கதவோரம் இடது மூலை மற்ற இடங்களைவிட 0.7 டிகிரி குளிர்ச்சி. புத்தகத்தின் 19-ஆம் பக்கத்தில், பெட்டிக்குள் வெப்பநிலை எங்கும் ஒன்றே என்று கொள்வோம் என்ற வாக்கியம் சிவப்புக் கோடு இல்லாமல் இருந்தது.